இரண்டு தலைவர்களுக்கும் கொடுக்காத நோட்டு

இஸ்திரிக்காரம்மாவுக்கு ஒரே நாளில் இரண்டு கடிதம் வந்தது. காலையில் வந்ததில் ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் கையெழுத்து. மத்தியானம் வந்ததில் மருந்துக்கடைக்காரர் கையெழுத்து. உள்ளே இருந்த சேதி ஒன்றுதான். உள்வட்டப் பாடங்கள் எல்லாவற்றையும், அச்சடித்ததோ கையால் எழுதியதோ, எட்டு நாளைக்குள் தலைவரிடம் ஒப்படைக்க வேண்டும். இல்லாவிட்டால் சபையிலிருந்து பேர் நீக்கப்படும். இரண்டு கடிதத்திலும் கையெழுத்துக்குக் கீழே 'தலைவர்' என்று போட்டிருந்தது.

அவள் எழுத்துக்கூட்டி இரண்டையும் படித்து முடித்தாள். "ஒரு உடம்புக்கு ரெண்டு தலையா? கழுத்து தாங்குமா?" என்றாள்.

அவள் வீட்டுக்காரர் துணி மூட்டையை அவிழ்த்துக்கொண்டிருந்தார். "அந்த நோட்டத் தூக்கிக் குடுத்துட்டு நிம்மதியா இரு. நமக்கு வர்ற துணியில பாதி சபைக்காரங்க வெள்ளைத்துணிதான்."

"யாருக்குக் குடுக்க?"

"மொதல்ல வர்றவங்களுக்குக் குடு."

"இதென்ன பஸ் சீட்டா, மொதல்ல வந்தவங்களுக்குக் குடுக்க?"

மனிதர் எல்லோரும் ஒரே குடும்பம், எல்லா மதமும் தேடுவது ஒரே உண்மையைத்தான் என்று சொல்கிற பிரம்மஞான சபை அது. கண்ணுக்குத் தெரியாத மகாத்மாக்கள் அதை வழிநடத்துவதாக அங்கே நம்பிக்கை. அவள் அங்கே துணி கொடுக்கப் போனவள்தான். போகும்போதெல்லாம் மூட்டையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்று பிரசங்கத்தைக் கேட்பாள். அப்போது தலைவராக இருந்த வயசான டாக்டரம்மாவை எல்லோரும் பெரியம்மா என்பார்கள். அவர்தான் ஒருநாள், "நின்னுக்கிட்டே எவ்வளவு கேப்ப? உள்ள வந்து உக்காரு" என்றார். இரண்டு பேர் முகம் சுளித்தார்கள். பெரியம்மா சுவரில் மாட்டியிருந்த விதியைக் காட்டினார். எந்தப் பேதமும் பார்க்கக் கூடாது என்று அதில் எழுதியிருந்தது. அன்றைக்கு உட்கார்ந்தவளை அதன் பிறகு யாராலும் எழுப்ப முடியவில்லை.

ஏழு வருஷம் கழித்து, ரகசியப் பாடம் படிக்கிற உள்வட்டத்தில் சேர்த்தார்கள். அங்கே மாதம் ஒரு பாடம், மொத்தம் முப்பத்தொன்று. படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டவளுக்கு ஒரு மாதத்தில் நாலு பக்கம் தாண்டாது. "எழுதி வச்சுக்கோ, மெதுவாப் படி" என்று பெரியம்மா அனுமதி கொடுத்தார். இஸ்திரி மேஜையில் துணிக்கும் துணிக்கும் நடுவே எழுதினாள். ஒன்பதாம் பாடத்தில் பெட்டி சுட்ட தழும்பு இன்னும் இருக்கிறது.

பெரியம்மா செத்துப்போன பத்தாம் நாள் இரங்கல் கூட்டம். ஹெட்மாஸ்டர் எழுந்து, "நேத்து தியானத்துல மகாத்மா எனக்குக் கட்டளை போட்டுட்டாரு, சபைய நான்தான் நடத்தணும்னு" என்றார்.

"எனக்கு முந்தாநாளே போட்டுட்டாரே!" என்றார் மருந்துக்கடைக்காரர்.

அன்பைப் பற்றி இருபது வருஷம் பேசிய வாய்கள் அன்றைக்குப் பேசியதை இங்கே எழுத முடியாது. பாட அலமாரியை ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்தார்கள். பாதிப் பாடம் இந்தப் பக்கம் போனது, பாதி அந்தப் பக்கம் போனது, நடுவில் கிழிந்தது குப்பைக்குப் போனது. முப்பத்தொன்றும் முழுசாக இருந்தது இஸ்திரிக்காரம்மாவிடம் மட்டும்தான்.

கடிதம் வந்த எட்டாம் நாள் இரண்டு பேருமே நேரில் வந்துவிட்டார்கள். ஒருவரை ஒருவர் எதிர்பார்க்கவில்லை. மேஜைக்கு அந்தப் பக்கம் ஒருவர், இந்தப் பக்கம் ஒருவர். நடுவில் அவள், கையில் சூடான பெட்டி.

"தாயே" என்றார் ஹெட்மாஸ்டர். இத்தனை வருஷமாக 'ஏம்மா இஸ்திரி' என்றுதான் கூப்பிடுவார். "தலைவருக்குக் கீழ்ப்படியறேன்னு சத்தியம் பண்ணியிருக்க."

"பெரியம்மா முன்னாடி பண்ணுனேன் ஐயா. பாடத்தக் காப்பாத்துவேன்னும் பண்ணுனேன். காப்பாத்திக்கிட்டுத்தான் இருக்கேன். கிழிச்சது நானா?"

"நல்லாக் கேளும்மா!" என்றார் மருந்துக்கடைக்காரர். "நீ எங்க பக்கம் வா. முன்வரிசையில நாற்காலி போடச் சொல்றேன்."

"எனக்கு எதுக்குங்க நாற்காலி? நாள் பூரா நின்னு வேல பாக்குறவ நான்."

ஹெட்மாஸ்டருக்குப் பொறுமை போய்விட்டது. மடித்த துணிக்குப் பக்கத்தில் இருந்த நோட்டைச் சட்டென்று எடுத்துப் பிரித்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டுத் திரும்பப் பார்த்தார். வரிக்கு வரி புள்ளியும் கோடும் அரைவட்டமும்.

"என்னம்மா இது, கோழி கிளறின மாதிரி?"

"துணி அடையாளம் ஐயா, யாரு துணின்னு தெரிய ஓரத்துல போடுறது. பாடத்துல வாயில நுழையாத வார்த்தையா வருதா, அத எழுதி முடிக்கறதுக்குள்ள எனக்குத் துணி காஞ்சு போயிரும். அதனால ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒருத்தரோட துணி அடையாளத்தப் போட்டுக்கிட்டேன்."

"ரெண்டு புள்ளி ஒரு கோடு என் சட்டையோடதாச்சே? அது எந்த வார்த்தை?"

"அகங்காரம் ஐயா."

மருந்துக்கடைக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"நீங்க சிரிக்காதீங்க. உங்க மூணு கோடு, பேராசை."

தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். ஹெட்மாஸ்டர் குரலைத் தாழ்த்தினார். "சரி, நம்ம ஹாலுக்கு வந்து வாசிச்சுக் காட்டு. ஆள் வச்சு எழுதிக்கறோம்." மருந்துக்கடைக்காரரும் அதையேதான் தன் வீட்டுக்கு வந்து செய்யச் சொன்னார்.

அவள் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். நோட்டை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"தனித்தனியா யாருக்கும் வாசிக்க மாட்டேன். உள்வட்டத்துக்காரங்க எந்தப் பக்கமா இருந்தாலும் சரி, ஞாயித்துக்கெழம காலையில இங்க வரட்டும். இந்தப் பெஞ்சுல சேர்ந்து உக்காரட்டும். நான் வாசிக்கறேன். மொதப் பாடத்துல என்ன இருக்குன்னாவது ஞாபகம் இருக்கா உங்க ரெண்டு பேருக்கும்?"

"பேரை அடிச்சிருவோம்" என்றார்கள். அன்றைக்கு முதல்முறையாக இரண்டு பேரும் ஒன்றாகச் சொன்னது அதுதான்.

"அடிங்க. பெரியம்மா உக்காரச் சொன்ன எடத்துல இருந்து நான் எந்திரிக்கறதா இல்ல."

அடித்தார்கள். வெள்ளைத்துணியும் வருவது நின்றது. வீட்டுக்காரர் மூன்று நாள் பேசவில்லை. நாலாம் நாள் பஸ் டெப்போவுக்குப் போய் டிரைவர்களின் காக்கிச் சட்டைகளைக் கேட்டு வாங்கி வந்தார். "கஞ்சி தூக்கலாப் போடணுமாம்" என்று மட்டும் சொன்னார். அவளுக்கு அது போதும்.

முதல் ஞாயிறு ஒருவரும் வரவில்லை. 'மனிதர் எல்லோரும் ஒரே குடும்பம்' என்று தொடங்கும் முதல் பாடத்தை அவள் காலியான பெஞ்சுக்கு வாசித்தாள். இரண்டாம் ஞாயிறு ஒரு தபால்காரரும் ஒரு டீச்சரும் வந்தார்கள். அவர் ஹெட்மாஸ்டர் பக்கம், இவர் மருந்துக்கடைக்காரர் பக்கம். நடுவில் ஒரு ஆள் உட்காரும் இடம் விட்டு உட்கார்ந்தார்கள். மூன்றாம் ஞாயிறு ஆறு பேர் ஆனார்கள். இடம் விட வழியில்லை.

அன்றைக்குத் தபால்காரர் இரண்டு சுற்றறிக்கையை நீட்டினார். இஸ்திரிக் கடையில் நடக்கும் வாசிப்பு அங்கீகாரம் இல்லாதது, உறுப்பினர் யாரும் போகக் கூடாது. இரண்டு தலைவர்களும் தனித்தனியாகப் போட்டிருந்தார்கள்.

"தடை போட்டிருக்காங்களேம்மா, வாசிக்கலாமா?" என்று டீச்சர் தயங்கினார்.

"தடை உறுப்பினருக்குத்தானே? என் பேரத்தான் அடிச்சாச்சே, என்னை யாரு தடுக்க முடியும்? பயமா இருக்கறவங்க போகலாம், கோவிச்சுக்க மாட்டேன்."

யாரும் எழுந்திருக்கவில்லை. அவள் சுற்றறிக்கை ஒன்றை எடுத்து, பெட்டி பதமாகச் சுடுகிறதா என்று அதன் மேல் வைத்து ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்தாள். அப்போது தெருமுனையில் ஒரு அம்மா இடுப்பில் வெள்ளைத்துணி மூட்டையோடு வருவது தெரிந்தது. ஹெட்மாஸ்டர் சம்சாரம், பத்து வருஷமாக உள்வட்டத்தில் இருப்பவர்.

"கொஞ்சம் நெருங்கி உக்காருங்க" என்றாள் இஸ்திரிக்காரம்மா. "இன்னும் ஒருத்தங்க வர்றாங்க."