பென்சிலால் இட்ட பெருக்கல் குறி

ஷார்ஜாவில் இயங்கிய, அமீரகக் கூட்டாட்சி அரசின் ஒரு துறைக் கிளையின் ஆவண அறையில் ராஜிக் வேலைக்குச் சேர்ந்த நாள் 2003 செப்டம்பர் 14. அதிராம்பட்டினத்து மதரஸாவில் கற்ற அரபி எழுத்துதான் அவருடைய தகுதி. எழுத்துக் கூட்டி வாசிப்பார்; பொருள் தெரியாது. பெயர் பார்த்துக் கோப்புகளை அடுக்க அது போதுமானதாக இருந்தது. நாளடைவில் விடுப்பு, இடமாற்றம், பணிவிலகல் முதலிய தலைப்புகளைப் பார்த்தவுடன் இனம் காணவும் பழகிவிட்டார். இந்த அறையில் ஒரு தாளும் தவறியதில்லை என்று 2011, 2016 ஆகிய இரு ஆண்டுகளின் தணிக்கைக் குறிப்புகளும் சொல்கின்றன.

அவரை அந்த வேலையில் சேர்த்துவிட்டவர் ஊர்க்காரரான மஹ்மூது. பணியாளர் பிரிவில் தட்டச்சர். ராஜிக்கைவிட நான்கு வயது மூத்தவர். ஷார்ஜாவின் ரோலா பகுதியில் ஒரே ரூமில் பதினோரு ஆண்டுகள் இருந்தார்கள். பிறகு இருவருடைய குடும்பங்களும் வந்து சேர, வீடுகள் தனியாயின. ஆனாலும் ராஜிக்குக்கு அவர் எப்போதும் அண்ணன் முறையில் 'காக்கா'தான்.

அலுவலகத்தில் அரபி வாசிக்கத் தெரியாதவர்களுக்கெல்லாம் மஹ்மூதுதான் தாள் தயாரித்துத் தருவார். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் சிறிய பெருக்கல் குறி இட்டிருப்பார். கையெழுத்தானதும் ரப்பரால் அழித்துவிடுவார். தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் அவரை நம்பவில்லை என்றாகிவிடும்.

2019 மே 21, ரமலான் மாதத்து நண்பகல். ஐந்தாறு தாள்களை மேல்பாதி தெரியாதபடி மடித்து, மஹ்மூது ஆவண அறைக்குக் கொண்டுவந்தார்.

"விசா ஆள் சப்ளை கம்பெனி பேருக்கு மாறுது. ஆறு பேருக்கு மாத்தச் சொல்லி மேல இருந்து ஆர்டர். அதுல நீயும் வர்றே."

"டூட்டி?"

"அதே டூட்டி, அதே சீட்டு. பேருதாண்டா கம்பெனி. போடு, யல்லா, தொழுகைக்கு நேரமாச்சு."

"எங்க காக்கா?"

"பெருக்கல் போட்ட எடத்துலதான், புதுசா என்ன கேக்குறே?"

ராஜிக் ஆறு இடங்களில் கையெழுத்திட்டார். பிறர் தாள்களைத் தலைப்புப் பார்க்காமல் ஒருநாளும் கோப்பில் வைக்காத மனிதர், தன் தாளின் தலைப்பைப் பார்க்கவில்லை. பணியாளர்களின் சொந்தக் கோப்புகள் மஹ்மூதின் பிரிவில் பூட்டிய அலமாரியில் இருந்ததால், பின்னரும் அதைப் பார்க்க நேரவில்லை.

2025 பிப்ரவரி முதல் வாரத்தில் கிளை மூடப்படும் என்ற அறிவிப்பு வந்தது. சேவைகள் இணையத்துக்கு மாறுகின்றன. ஜூன் 30 கடைசி நாள். ராஜிக்கின் மகள் ருமைஸா முவைலா பகுதியில் ஒரு பள்ளியில் பதினொன்றாம் வகுப்பை முடிக்கவிருந்தாள். தந்தையின் விசா போனால் மகளின் விசாவும் போகும். பன்னிரண்டாம் வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டுப் போக வேண்டிவரும்.

மூன்று வாரங்கள் கழித்து ஷார்ஜா எமிரேட் அரசு தன் சுற்றறிக்கையை வெளியிட்டது. கூட்டாட்சிக் கிளை மூடப்படுவதால் வேலை இழப்பவர்களை, எந்த நாட்டவராயினும், எமிரேட்டின் சொந்தத் துறைகள் ஏற்றுக்கொள்ளும். துறையின் பணிப்பட்டியலில் கடைசிப் பத்தாண்டுகள் இடைமுறிவின்றி இருந்திருக்க வேண்டும் என்பது ஒன்றே நிபந்தனை. அன்று தேநீர் அறையில் யாரோ பாக்லாவா இனிப்பு வாங்கி வைத்தார்கள்.

"நான் கம்பெனி பேர்ல இருக்கேனே காக்கா?" என்று ராஜிக் கேட்டார்.

"இருபத்திரெண்டு வருசமா இந்தத் தூசியத் தின்னவன் நீ. ஒன்னைய விட்டா வேற எவனைச் சேர்ப்பாங்க? லிஸ்ட் அடிக்கிறது யாரு? நானு. வூட்டுக்குப் போய் மர்ஜானாக்கிட்ட நிம்மதியா தூங்கச் சொல்லு."

மனைவி மர்ஜானா நிம்மதியாகத் தூங்கினார். ஏப்ரலில் ருமைஸாவுக்குப் பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகங்கள் வாங்கப்பட்டன.

மே மாதம், தலைமையகத்துக்கு அனுப்புவதற்காகப் பணியாளர் கோப்புகளும் ஆவண அறைக்கு வந்தன. ஒவ்வொரு தாளுக்கும் எண்ணிட்டுக் கட்டுவது ராஜிக்கின் வேலை. பதினேழாவதாக அவர் கைக்கு வந்தது அவருடைய சொந்தக் கோப்பு. முப்பது தாள்களுக்கு எண்ணிட்டுவிட்டு அடுத்த தாளின் தலைப்பைக் கூட்டி வாசித்தார். இன்னொரு முறை வாசித்தார். பணிவிலகல். கீழே அவருடைய கையெழுத்து. கையெழுத்துக்கு அடியில், அழிக்க மறந்துபோன பெருக்கல் குறி.

அதற்கடுத்த தாள் கம்பெனிக்கு மாற்றப்பட வேண்டிய அறுவரின் பட்டியல். நான்காவது இடத்தில் இருந்த மஹ்மூதின் பெயர் அடிக்கப்பட்டு, ராஜிக்கின் பெயர் மேலே எழுதப்பட்டிருந்தது. பக்கத்தில் அப்போதைய மேலாளரின் சுருக்கொப்பம்.

வரவேற்புப் பிரிவின் நஜீஹா ஷார்ஜாவிலேயே பிறந்து வளர்ந்த காயல்பட்டினத்துப் பெண். அரபி நன்றாகத் தெரியும். ராஜிக் இரு தாள்களையும் அவளிடம் காட்டினார். வாசித்து முடித்துக் கதவைப் பார்த்துக்கொண்டு தாழ்ந்த குரலில் கேட்டாள்:

"அங்கிள், இந்த ராஜினாமா பேப்பர் மட்டும் ஃபைல்ல இல்லேன்னா? யாருக்குத் தெரியும்?"

ராஜிக் நெடுநேரம் அதைக் கையில் வைத்திருந்தார். பிறகு முப்பத்தொன்று என்று எண்ணிட்டு, மற்றத் தாள்களோடு சேர்த்துக் கட்டினார்.

மஹ்மூதை மாடிப்படியில் நிறுத்தினார்.

"உங்க பேரை அடிச்சிட்டு என் பேரை எழுதினீங்களா?"

மஹ்மூது மறுக்கவில்லை. "எனக்கு அப்ப மூணு புள்ளைங்க ஸ்கூல்ல. ஒனக்கு ஒண்ணு. கம்பெனியிலயும் இதே சீட்டுத்தான், ஒனக்கு ஒரு நட்டமும் இல்லேன்னு நெனச்சேன். ஆபீஸையே மூடுவானுங்கன்னு எவன் கண்டான்?"

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்."

"சொன்னா கையெழுத்துப் போட்டிருப்பியாடா?"

"மாட்டேன்."

"அதான்."

"பிப்ரவரியிலயாச்சும் சொல்லியிருக்கலாம். தூங்கச் சொன்னீங்களே காக்கா, எம் பொண்டாட்டிய."

மஹ்மூது கைப்பிடியைத் தடவியபடி, கீழே யாரோ கூப்பிடுவதாகச் சொல்லி இறங்கிப் போனார்.

எமிரேட்டின் தேர்வுக் குழுவுக்கு ராஜிக்கின் மனுவை நஜீஹா அரபியில் எழுதினாள். அனுப்புமுன் ராஜிக் அவளை அதை இருமுறை வாசித்துப் பொருள் சொல்லச் செய்தார். நியமன ஆணையின் நகலும் தாள் முப்பத்தொன்று, முப்பத்திரண்டின் நகல்களும் இணைக்கப்பட்டன. ஒன்பதாம் நாள் பதில் வந்தது. நீண்டகாலப் பணியைக் குழு மதிக்கிறது. ஆனால் மனுதாரர் தம் கையொப்பத்துடன் 2019 மே 21 அன்று பணிப்பட்டியலிலிருந்து விலகியுள்ளதால் நிபந்தனை நிறைவேறவில்லை. பெயர் திருத்தம் துறையின் உள்விவகாரம். ஏற்கப்பட்டோர் பட்டியலில் மஹ்மூதின் பெயர் நான்காவதாக இருந்தது.

ஜூன் 26, வியாழக்கிழமை. கிளையுடனான ஒப்பந்தம் முடிவதால் கம்பெனி விசாவை ரத்து செய்யும் தேதியைச் சொல்லிவிட்டது. ருமைஸாவின் மாற்றுச் சான்றிதழுக்கு அன்று காலைதான் ராஜிக் விண்ணப்பித்துவிட்டு வந்திருந்தார். காலியான அலமாரிகளுக்கு நடுவே மஹ்மூது ஒரு தாளுடன் வந்து நின்றார். கீழே, வழக்கமான இடத்தில், பென்சில் பெருக்கல் குறி.

"சாவி ஒப்படைச்சதுக்கு. வேற ஒண்ணுமில்ல."

ராஜிக் தாளை வாங்கித் தலைப்பிலிருந்து விரலை வைத்து எழுத்துக் கூட்டிப் பார்த்தார். பிறகு வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"நஜீஹா, இதக் கொஞ்சம் படிச்சுச் சொல்லும்மா."

"நாந்தான் சொல்றேனேடா, வெறும் சாவி."

"வேண்டாம் சார்."

அந்தச் சொல்லைக் கேட்டு மஹ்மூதைத் திரும்பிப் பார்த்துவிட்டு நஜீஹா தாளை வாங்கினாள். பின்னர் உரக்க வாசித்தாள். நான்கு சாவிகள், முப்பத்தெட்டு அடுக்குகள், குறைபாடு எதுவுமில்லை. மொத்தம் ஏழு வரிகள்.

ராஜிக் மேசை மேலிருந்த ரப்பரை எடுத்துப் பெருக்கல் குறியை முதலில் அழித்தார். துகள்களை ஊதித் தள்ளிவிட்டுக் கையெழுத்திட்டார்.

"எனக்கு இதுல ஒரு காப்பி வேணும் சார். சீல் வச்சு."