கௌபாய் படத்துக்குக் குரல் கொடுத்த இருவர்

குற்றாலத்தில் நான் மேலாளராக இருக்கும் லாட்ஜின் முன்கூடத்தில் ஒரு பெரிய டிவி உண்டு. சீசன் இல்லாத மாதங்களில் மத்தியானம் முழுக்க அது எனக்குத்தான். ஐம்பது, அறுபது வருடத்துக்கு முந்தைய நகைச்சுவைப் படங்கள், அதிலும் கௌபாய் படங்கள் என்றால் எனக்கு உயிர். சும்மா சுட்டுக்கொண்டே இருக்கும் படங்கள் அல்ல. சுட வேண்டிய நேரத்தில் தும்மல் வந்துவிடுகிறவன், கொள்ளையடிக்கப் போன வங்கியில் வரிசையில் நிற்கிறவன், இப்படிப்பட்டவர்களின் படங்கள். ஒருவன் குதிரையிலிருந்து விழுவதைப் பார்த்து நாம் சிரிக்க வேண்டுமென்றால், அதற்கு அவன் எத்தனை முறை விழுந்து பழகியிருக்க வேண்டும். அந்த உழைப்பின் மேல் எனக்கு எப்போதும் மரியாதை.

போன சீசனில் ஒருநாள் மலைமேல் பெருமழை பெய்து அருவியில் வெள்ளம் வந்தது. காலையிலேயே குளிக்கத் தடை போட்டுவிட்டார்கள். துண்டும் சோப்புமாகப் போனவர்கள் எல்லாம் திரும்பி வந்து கூடத்தில் உட்கார்ந்தார்கள். சிவகிரியிலிருந்து கணவரோடு வந்திருந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியை நேராக என் மேசைக்கு வந்தார்.

"இங்கன சும்மா உக்காந்திருக்கவா தம்பி ரூம் எடுத்தோம்?"

பென்டிரைவைச் செருகி எனக்கு மிகவும் பிடித்த படம் ஒன்றைப் போட்டேன். படம் வந்தது, சத்தம் வரவில்லை. சாரல் ஈரத்தில் ஸ்பீக்கர் போயிருந்தது. அணைக்கப் போனேன்.

"இருக்கட்டும், மேனேஜர்" என்றார் எங்கள் வாசலில் எண்ணெய் தேய்த்துவிடும் அண்ணாச்சி. அன்று அவருக்கும் வேலை இல்லை. "சத்தம் இருந்தாலும் இங்கிலீசு நமக்கு எங்க புரியப்போவுது?"

படத்தில் இரண்டு திருடர்கள் பாலைவனத்து ஸ்டேஷனில் உட்கார்ந்து, கொள்ளையடிப்பதற்காக ரயிலை எதிர்பார்த்துக்கொண்டிருந்தார்கள். குண்டன் தண்டவாளத்தைப் பார்த்தான். ஒல்லியானவன் உதட்டைப் பிதுக்கினான். கதவோரம் நின்றிருந்த அண்ணாச்சி, யாரும் கேட்காமலே பேச ஆரம்பித்தார்.

"ஏலே, வண்டி வருதா இல்லையா?"

"லேட்டுங்கான்."

"எம்புட்டு லேட்டுலே? இதுக்குள்ள செங்கோட்ட வண்டியே தென்காசிக்கு வந்திருக்குமே."

கூடம் முழுக்கச் சிரித்தது. அதற்குப் பிறகு அவர் நிறுத்தவில்லை. குண்டனுக்கு ஒரு குரல், ஒல்லிக்கு ஒரு குரல். ஒவ்வொரு வரியும் அந்த வாயசைவோடு சரியாகப் போய்ப் பொருந்தியது. இவரிடம் இப்படி ஒரு திறமை இருப்பது இத்தனை வருடமாக எனக்குத் தெரியாது.

ஸ்டேஷன் சாப்பாட்டுக்கடைக்காரி கரண்டியோடு வெளியே வந்ததும் அண்ணாச்சி தயங்கினார். "பொம்பள குரல் எனக்கு வராது."

சட்டென்று என் பக்கத்திலிருந்து கணீரென்று ஒரு குரல். "ஏலே, ரெண்டு பேரும் தொப்பிய கழத்துங்க. கைய கழுவிட்டு வந்து உக்காருங்க. துப்பாக்கிய தட்டுப் பக்கத்துல வைக்கப்பிடாது."

தலைமையாசிரியை. முகத்தில் சிரிப்பே இல்லை. படத்தில் திருடர்கள் இருவரும் அந்த நொடியில்தான் தொப்பியைக் கழற்றினார்கள். கூடத்தில் சிலர் நாற்காலியைவிட்டுச் சரிந்து சிரித்தார்கள்.

"முப்பது வருசம் பள்ளிக்கூடத்துல பேசுன பேச்சு" என்றார் அவருடைய கணவர் என்னிடம்.

இடையில் தடை நீங்கியதாகச் செய்தி வந்தது. பாதிப் பேர் எழுந்து போனார்கள். கணவரும் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, "போவமா?" என்றார்.

"இரிங்க. அந்தப் பயலுவ இன்னும் சாப்பிடல."

படம் முடிந்த பிறகுதான் அவர்கள் அருவிக்குப் போனார்கள். கிளம்பும்போது அண்ணாச்சி தலைமையாசிரியைக்குக் கும்பிடு போட்டார். அவரும் பதிலுக்குக் கும்பிட்டார்.

ஸ்பீக்கர் சரியானதும் அந்தப் படத்தை நான் தனியாகப் பார்த்தேன். ஸ்டேஷன் காட்சியில் அண்ணாச்சி மூச்சுவிடாமல் பேசிய இடங்களில் உண்மையில் வசனமே கிடையாது. குண்டன் வெறுமனே வாயை மெல்லுகிறான், பெருமூச்சு விடுகிறான், தண்டவாளத்தைப் பார்க்கிறான். எத்தனையோ முறை பார்த்தும் நான் இதைக் கவனித்ததில்லை. குற்றாலத்துக்காரர் ஒருவரை அத்தனை பேச வைத்தது, என்றோ எங்கோ ஒரு நடிகன் சும்மா உட்கார்ந்திருந்த விதம்.

அண்ணாச்சியிடம் போய்ச் சொன்னேன். வாடிக்கையாளர் ஒருவரின் முதுகில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பம்னா அவன் பெரிய ஆளுதான்" என்றார். "அவன் நடிச்ச வேற படம் இருக்கா?"