அம்மை இல்லை என்றார் டாக்டர்

காரைக்காலிலிருந்து சைகோனில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்த அத்தை புளி, வடகம், ஊறுகாய் என்று எல்லாவற்றையும் கொண்டுவந்திருந்தார். வேப்பிலை மட்டும் அவர் நினைவுக்கு வரவில்லை. மறுவாரமே அது தேவைப்பட்டது.

அம்மாவின் கழுத்தில் தொடங்கிய சிவப்புத் தடிப்பு முதுகுக்கும் கைகளுக்கும் பரவியது. அரிப்பு தாங்காமல் சீப்பால் சொறிந்துகொண்டாள். அத்தை அவள் கையை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

“ஆத்தா வந்திருக்கா, தம்பி,” என்று அப்பாவிடம் சொன்னார். “இனிமே வூட்டுல தாளிக்கக் கூடாது. மருந்து மாத்திரை கூடவே கூடாது. புள்ளைய கிட்ட விடாத.”

அப்பாவின் முகம் மாறியது. அம்மா தினமும் காலையில் ஒரு சிறு வெள்ளை மாத்திரை போடுவாள். வைட்டமின் என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். முந்தைய வருடம் சென்னையில் அவளுக்கு மார்பகப் புற்றுநோய்க்கு அறுவைச் சிகிச்சை நடந்தது. நோய் திரும்பாதிருக்க, ஹார்மோனைத் தடுக்கும் அந்த மாத்திரையை வருடக்கணக்கில் போட வேண்டும். அந்த மாத்திரையால் உடம்பு கொதிக்கும் என்பது உட்பட, இதெல்லாம் பெரியவளான பிறகு தெரிந்துகொண்டது. எட்டு வயதில் எனக்குத் தெரிந்தவை வேறு: அம்மாவுக்குத் திடீரென்று வேர்க்கும், ஃபிரிட்ஜைத் திறந்துவைத்து அதன் முன் நிற்பாள், அதை யாரும் கேட்க மாட்டார்கள், நான் திறந்து நின்றால் கேட்பார்கள்.

“இது நிறுத்துற மாத்திரை இல்லக்கா,” என்றார் அப்பா.

“ஆத்தா எறங்குற வரைக்கும்தானே? மாத்திரை எங்க ஓடிடப் போவுது?”

“அண்ணி சொல்றபடியே இருக்கட்டுங்க,” என்றாள் அம்மா. அத்தை சொல்லும் எதையும் அவள் அவ்வளவு சீக்கிரம் ஏற்று நான் பார்த்ததில்லை.

‘பென் தான்’ என்ற பெரிய சந்தையில் வேப்பிலை கிடைத்தது. இங்கே அதைக் கருவாட்டோடு கலந்து சாப்பிடுவார்கள் என்பதால், கடைக்காரி ஒரு பொட்டலம் கருவாட்டையும் சேர்த்தே கொடுத்திருந்தாள். “ஆத்தா இலையோட கருவாடா!” என்று அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டார். கருவாடு பக்கத்து வீட்டுக்குப் போனது.

அம்மா வேப்பிலைமேல் படுத்திருந்தாள். அறை வாசலில் உட்கார்ந்திருந்த என்னிடம், “மூணு தண்ணி ஊத்தினா எல்லாம் போயிரும், பாரு,” என்றாள். பாட்டுக்கூடப் பாடினாள். அப்பா காலையில் மாத்திரையைத் தண்ணீர் டம்ளருக்குப் பக்கத்தில் வைப்பார். அத்தை எடுத்து அலமாரியில் வைப்பார். உடம்பெல்லாம் தடிப்போடு அம்மா ஏன் சந்தோஷமாக இருக்கிறாள், ஒன்றுமே இல்லாத அப்பா ஏன் சாப்பிட மாட்டேன் என்கிறார்? எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

கடைசியில் ஒருநாள் அப்பா, “ஆத்தாகிட்ட நான் மன்னிப்பு கேட்டுக்கறேங்க்கா,” என்று சொல்லிவிட்டு டாக்ஸியைக் கூப்பிட்டார். அம்மாவின் கொண்டையில் வேப்பிலைக் கொத்தைச் செருகிவிட்டு, அத்தையும் என்னைக் கூட்டிக்கொண்டு ஏறினார்.

அம்மாவின் மாத்திரையைக் கவனித்துவந்த டாக்டர் வியட்நாமியர். தடிப்பை நிதானமாகப் பார்த்தார். அவர் ஆங்கிலத்தில் சொன்னதை அப்பா எங்களுக்குச் சொன்னார்: “அம்மை இல்லையாம். மாத்திரை ஒத்துக்காம வந்திருக்கலாமாம். தடிப்பு அடங்கினதும் வேற மாத்திரை தர்றாராம். நாமளா நிறுத்துனது தப்பாம்.”

“அப்ப இன்னைக்கு மீனு வாங்கிடலாம்,” என்றார் அத்தை. அப்பா பல நாளுக்குப் பிறகு சிரித்தார்.

அம்மா புது மாத்திரையைப் பற்றி அப்பாவின் காதில் ஏதோ முணுமுணுத்தாள். அப்பா தயங்கி, அதை ஆங்கிலத்தில் கேட்டார். டாக்டர் ஐந்து விரல்களையும் விரித்துக் காட்டினார். விடைகொடுக்கிறார் என்று நினைத்து நானும் கையை ஆட்டினேன்.

அம்மா கொண்டையிலிருந்து வேப்பிலையை எடுத்தாள். அதை எங்கே போடுவது என்று தெரியாதவளைப் போல மடியிலேயே வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

அம்மை இல்லை என்றால் நல்லதுதானே? தடிப்புதான் எரிகிறது என்று நினைத்து, அவள் கையைப் பிடித்து ஊதிவிட்டேன்.