காலில் தெரிந்த வலி, முதுகில் இருந்த காரணம்

சென்ற அறுவடையில் ஒரு நெல் மூட்டையைக் குனிந்தவாக்கிலேயே தூக்கித் தோணியில் ஏற்றினேன். அன்று முதல் இடுப்பிலிருந்து குதிகால் வரை வலி மின்னல்போல இறங்கியது. சில நாட்களில் பாதமும் விறைத்தது. கால் விழுந்துபோகும் பாரிசவாதமென்று பயந்தேன்.

“நீங்க படுத்திட்டா நானும் பிள்ளையளும் என்ன செய்யிற?” என்று மனைவி அழுதாள்.

வாதத்துக்குக் காலில் சூடு வைக்க ஊர் வைத்தியர் ஒருவர் வந்து இரும்பைக் காய்ச்சினார். அதற்குள் மைத்துனர் ஆஸ்பத்திரி டாக்டரைக் கூட்டிவந்தார். அவர் என்னைப் படுக்கவைத்துக் காலை மடக்காமல் உயர்த்தினார். வலியில் அலறிவிட்டேன்.

“காலில சூடு வைக்காதீங்க. இது வாதமில்ல. முதுகில நரம்பு நெரிபட்டுக் கிடக்கு, அதுதான் கால் உளையுது” என்றார்.

பல வாரம் ஓய்வெடுத்த பிறகே பாதத்தில் உணர்ச்சி திரும்பியது. இப்போது முழங்காலை மடித்துக் குந்தி, மூட்டையை மார்போடு அணைத்தே எழுகிறேன். பாரம் கூடினால் துணைக்கு ஆள் வரும்வரை அதைத் தொடுவதில்லை.