சின்னம்மா வாசித்த நாவல்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாடு முடிந்தால் எங்கள் வீட்டில் யாரும் படுக்கப் போவதில்லை. சின்னம்மா நாவல் வாசிப்பார், நாங்கள் கேட்போம். கொழும்பு வெள்ளவத்தையில் கடற்கரைக்கு இறங்கும் ஒரு ஒழுங்கையில் இருந்த வாடகை வீடு அது. ரயில் போகும்போது ஜன்னல் கண்ணாடிகள் அதிரும். சின்னம்மா வாசிப்பை நிறுத்திவிட்டு, ரயில் போனதும் விட்ட சொல்லிலிருந்தே தொடங்குவார்.

அவர் அம்மாவின் ஒரே தங்கை. கோட்டைப் பகுதியில் ஒரு கந்தோரில் தட்டெழுத்தாளர். கல்யாணம் ஆகாததால் எங்களோடுதான் இருந்தார். காலி வீதிப் புத்தகக் கடைக்குப் புது நாவல் வந்தால் முதலில் போய் நிற்பவர் அவர்தான். கடைக்காரர் பார்சலைப் பிரிக்கும்வரை மேசையோரம் நின்று, கட்டின் மேலே இருந்த பிரதியை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் விலை கேட்பார். இந்தியப் புத்தகங்கள் வருவது குறைந்து, எங்களவர்கள் எழுதி இங்கேயே அச்சடித்த நாவல்கள் வரத் தொடங்கியபோது அவருடைய உற்சாகம் இன்னும் கூடியது. "எங்கட றோட்டு, எங்கட பஸ், எங்கட சனம். இதையெல்லாம் புத்தகத்தில பாக்க எப்பிடி இருக்குத் தெரியுமோ?" என்பார்.

ஆனால் எந்த நாவலும் எங்கள் வீட்டில் ஒரே மூச்சில் முடிந்ததில்லை. ஏதாவது ஒரு பாத்திரம் வந்ததும் அப்பா கையை உயர்த்துவார். "நில்லு, நில்லு. இவன் எங்கட பெரியண்ணையெல்லோ?" அதிலிருந்து வீட்டுக் கதை தொடங்கிவிடும். யார் சீட்டாடிக் காணியைத் தொலைத்தது, யார் பெண் பார்க்கப் போன இடத்தில் கதிரை உடைந்து விழுந்தது, எந்த மாமி செத்தவீட்டில் பொய்யாக மயங்கியது. ஒவ்வொரு கதையிலும் யாரோ ஒருவர் அவமானப்படுவார். நாங்கள் கண்ணில் நீர் வரச் சிரிப்போம்.

சின்னம்மாவுக்கும் அப்படி ஒரு கதை இருந்தது. எனக்குப் பத்து வயதாக இருந்தபோது நடந்தது. அவருடைய கந்தோரில் வேலை செய்த கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கர் ஒருவரை அவருக்குப் பிடித்திருந்தது. தயங்கித் தயங்கி அம்மாவிடம் சொன்னார். அம்மா அப்பாவிடம் சொன்னார். எல்லாரும் எதிர்பார்த்த சண்டை வரவில்லை. "வரச் சொல்லு, ஆளைப் பாப்பம்" என்று மட்டும் அப்பா சொன்னார். ஒரு ஞாயிறு பின்னேரம் வருவதாக அந்த மனிதர் சொல்லியனுப்பினார். சின்னம்மா காலையிலிருந்தே நின்று, மாவுக்குள் மீன் வைத்து மடித்துப் பற்றிஸ் பொரித்தார். அவர் வரவில்லை. ஆறு மணி ரயிலும் போன பிறகு அப்பா கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்து, ஏழு பற்றிஸ் சாப்பிட்டார். அந்த மனிதர் அடுத்த கிழமையே துறைமுகப் பக்கம் இருந்த கிளைக்கு மாற்றலாகிப் போய்விட்டார். சின்னம்மாவிடம் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு எந்த நாவலில் எந்தப் பெண் யாருக்காகக் காத்திருந்தாலும், அப்பா குசினிப் பக்கம் திரும்பி, "பற்றிஸ் பொரிச்சாச்சோ?" என்று கேட்பார். எல்லாரும் சிரிப்போம். சின்னம்மாவும் சிரிப்பார். சிரித்துவிட்டு, விட்ட சொல்லிலிருந்து வாசிப்பார்.

எனக்குப் பத்தொன்பது வயதாக இருந்தபோது அண்ணாவின் சிநேகிதர் ஒருவர் எங்கள் வீட்டுக்கு வரத் தொடங்கினார். சிறுகதைகள் எழுதியிருந்தார், நாவல் எழுதப்போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். வந்தால் சின்னம்மாவோடுதான் கதைப்பார். புதிதாக வந்த நாவல்களைப் பற்றி இரண்டு பேரும் மணிக்கணக்காகக் கதைப்பார்கள். நான் தேத்தண்ணி கொண்டுபோய் வைத்தால் நிமிர்ந்தும் பார்க்கமாட்டார். முப்பத்தாறு வயதுச் சின்னம்மாவில் எனக்குப் பொறாமையாக இருந்தது. இப்போது அதைச் சொல்ல வெட்கப்படும் வயதில் நான் இல்லை.

ஒருநாள் பின்னேரம் கடற்கரையில் அண்ணாவோடு அவரும் நானும் நின்றோம். அண்ணா கடலை வாங்கப் போனான். "உங்கட வீட்டில எல்லாரும் மற்றவையின்ர கதையைத்தான் வாசிக்கிறியள். உங்களுக்கெண்டு ஒரு கதையும் இல்லை" என்றார் அவர் விளையாட்டாக.

"எங்கட வீட்டிலயே ஒரு நாவல் இருக்கு" என்றேன்.

அவர் முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தார். அந்தப் பார்வையை இழக்க எனக்கு மனமில்லை. பற்றிஸ் கதையைச் சொன்னேன். அது அவருக்குத் தெரிந்திருந்தது, அப்பா ஏற்கனவே சொல்லியிருந்தார். பார்வை மெல்ல விலகியது. அதனால் வீட்டில் மூன்று பேருக்கு மட்டும் தெரிந்ததையும் சொன்னேன்.

அந்த மனிதர் வரவிருந்த ஞாயிறுக்கு முந்திய கிழமை, அப்பா என்னைக் கூப்பிட்டுக் கொப்பியிலிருந்து ஒரு தாள் கிழிக்கச் சொன்னார். "சொல்வதெழுதல். பிழை விடாமல் எழுது பாப்பம்" என்றார். நான் எழுதினேன். 'ஐயா, தாங்கள் மணமுடிக்க எண்ணியிருக்கும் பெண்ணுக்குச் சிறுவயது முதல் வலிப்பு நோய் உண்டு. வீட்டார் இதை மறைக்கிறார்கள். இப்படிக்கு, உங்கள் நன்மையை விரும்பும் ஒருவன்.' வலிப்புக்கு எந்த 'லி' என்று இடையில் கேட்டேன். அப்பா சொல்லித் தந்தார். உறையில் விலாசத்தையும் நானே எழுதினேன். பெயரைப் பார்த்ததும் அது யாருக்கு என்று எனக்கு விளங்கிவிட்டது. விளங்கியும் எழுதினேன். "ஒரு பிழையும் இல்லை, கெட்டிக்காரி" என்று சொல்லி அப்பா எனக்கொரு மைப்பேனா வாங்கித் தந்தார். கதவடியில் நின்ற அம்மா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த ஞாயிறு நானும் இரண்டு பற்றிஸ் சாப்பிட்டேன்.

நான் சொல்லி முடிக்கும்வரை அவர் அசையவில்லை. "ஒரு பிழையும் விடேல்லையோ?" என்று மட்டும் கேட்டார்.

"ஒண்டும் விடேல்லை."

அண்ணா கடலையோடு வந்தான். மூன்று பேரும் கொறித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தோம்.

அடுத்த வருடம் அவருடைய நாவல் வெளிவந்தது. மை காயாத பிரதியொன்றை அவரே கொண்டுவந்து, 'முதல் வாசகிக்கு' என்று எழுதிச் சின்னம்மாவின் கையில் கொடுத்தார். சின்னம்மாவின் முகம் அப்படி மலர்ந்ததை நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை. முன்கூட்டி வாசித்தால் மற்றவர்களோடு சேர்ந்து அனுபவிக்க முடியாது என்று ஞாயிறு வரை புத்தகத்தைத் திறக்காமலே வைத்திருந்தார்.

கடற்கரையில் சொன்னதை அவர் எழுதமாட்டார் என்று நான் நம்பியிருந்தேன். எழுதினாலும் மாற்றித்தான் எழுதியிருப்பார் என்று சொல்லிக்கொண்டு உட்கார்ந்தேன்.

மாற்றித்தான் எழுதியிருந்தார். கொழும்பு திருகோணமலையாகியிருந்தது. தட்டெழுத்தாளர் ஆசிரியையாகியிருந்தார். ஐந்தாம் அத்தியாயத்தில் அவள் ஒருவனுக்காகப் பற்றிஸ் பொரித்தாள்.

அப்பா துள்ளி எழும்பினார். "பற்றிஸ்! அடடா, எங்கட வீட்டுக் கதையெல்லோ!" அண்ணா கைதட்டினான். அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். சின்னம்மாவும் சிவந்து, சிரித்து, "பாருங்கோ, என்னையும் நாவலில போட்டிட்டார்" என்றார். அவருக்கு அது பெருமையாகக்கூட இருந்தது. நான் எழுந்து போக நினைத்தேன், முடியவில்லை.

ஆறாம் அத்தியாயத்தைத் தொடங்கினார். ஒரு சிறுமி கொப்பியிலிருந்து தாள் கிழித்தாள். அவளுடைய தகப்பன் சொல்லச் சொல்ல எழுதினாள். சின்னம்மாவின் குரல் மாறவில்லை. கடிதத்தை முழுவதும் வாசித்தார். 'உங்கள் நன்மையை விரும்பும் ஒருவன்' வரை வாசித்தார். வலிப்புக்கு எந்த 'லி' என்று சிறுமி கேட்ட இடத்தையும் வாசித்தார். பிறகு நிறுத்தினார். ரயில் ஒன்றும் போகவில்லை.

அவர் அப்பாவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"எத்தனை பிழை விட்டனீ?"

"ஒண்டும் விடேல்லை" என்றேன். பத்து வயதிலிருந்து பழகிய பதில் தானாக வந்துவிட்டது. வந்த பிறகுதான் என்ன சொல்லிவிட்டேன் என்று தெரிந்தது.

"இந்தா. மிச்சத்தை நீ வாசி. உனக்குப் பாடமாய் இருக்கும்."

"இதென்ன விசர்க் கதை. நாவல் எண்டால் நாவல்தானே" என்றார் அப்பா.

"அத்தான், கொஞ்சம் பேசாமல் இருங்கோ. வாசிப்பு நடக்குது."

வீட்டில் யாரும் அப்பாவிடம் அப்படிச் சொன்னதில்லை. அவர் உட்கார்ந்துவிட்டார். நான் வாசித்தேன். நான் நிறுத்திய இடங்களில் சின்னம்மா, "ம், மேல போ" என்றார். வெளிச்சம் குறைந்தபோது எழுந்து மின்விளக்கைப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். கடைசிப் பக்கத்தில் அந்தச் சிறுமி வளர்ந்து பெரியவளாகி மன்னிப்புக் கேட்க, ஆசிரியை அவளை அணைத்துக்கொண்டு அழுதாள்.

"முடிவு சரியில்லை" என்றார் சின்னம்மா. பிறகு அம்மாவின் பக்கம் திரும்பினார். "அக்கா, உனக்கும் தெரியுமோ?"

அம்மா நிலத்தைப் பார்த்தார். "எல்லாம் உன்ர நன்மைக்குத்தானே..."

"ஓம். கடிதத்திலயும் அப்பிடித்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு, தேத்தண்ணி போட எழுந்து போனார்.

அப்பா சின்னம்மாவிடம் ஒருநாளும் மன்னிப்புக் கேட்கவில்லை. கோபமெல்லாம் என்மீதுதான். "வீட்டுக் கதையை வீதிக்குக் கொண்டு போனவள்" என்று ஆட்களுக்கு முன்னால் சொன்னார். ஆனால் நாவல் வெள்ளவத்தையில் வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தது. பம்பலப்பிட்டியில் இருந்த ஒரு உறவுக்காரப் பெண், பிரதியோடு வந்து, "கதாநாயகியின்ர கையெழுத்து வேணும்" என்று சின்னம்மாவிடம் நீட்டினார். சின்னம்மா பேனாவை வாங்கிப் போட்டுக் கொடுத்தார்.

எழுதியவர் இரண்டு கிழமை கழித்துக் கருத்துக் கேட்க வந்தார். சின்னம்மா அவருக்குத் தேத்தண்ணி கொடுத்து, வேறு யாருடைய நாவலையோ பற்றிக் கதைப்பதுபோல அரைமணி நேரம் கதைத்தார். பேச்சு நன்றாக வந்திருக்கிறது, மூன்றாம் அத்தியாயம் இழுபடுகிறது, முடிவு பொய். அவர் குறித்துக்கொண்டார். படலையடியில் நான் அவரை மறித்தேன்.

"அந்தக் கடிதத்தை ஏன் மாத்தேல்லை?"

"மாத்தினால் நாவல் கெட்டிருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் அங்கே நின்று அழுததை அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

ஒரு சனிக்கிழமை சின்னம்மா என்னை வெளிக்கிடச் சொன்னார். நான் உடுப்பு மாற்றிக்கொண்டு வந்தபோது அந்த நாவலைக் கைப்பைக்குள் வைப்பதைக் கண்டேன். கோட்டையில் பஸ் மாறிக் கொட்டாஞ்சேனையில் இறங்கினோம். கந்தோரில் யாரிடமோ விசாரித்திருக்க வேண்டும், வழி கேட்காமல் ஒரு சந்துக்குள் நடந்து ஒரு கதவைத் தட்டினார்.

திறந்தவருக்கு வழுக்கை விழுந்திருந்தது. சின்னம்மாவைக் கண்டதும் சேர்ட் பொத்தானைத் தேடினார். உள்ளே இருக்கவைத்து, மனைவியைக் கூப்பிட்டு, "பழைய ஒபிஸில ஒண்டா வேல செஞ்சவங்க" என்றார். அந்தப் பெண், "ஓ, அந்த..." என்று தொடங்கி நிறுத்திவிட்டுத் தேத்தண்ணி போடப் போனார்.

"இப்ப நோய் வருத்தமெல்லாம் எப்பிடி? கொறஞ்சிட்டா?" என்று அவர் மெதுவாகக் கேட்டார்.

"எந்த வருத்தம்?"

அவர் இன்னும் குரலைத் தாழ்த்தினார். "எனக்கு ஒரு கடிதம் வந்தது. யாரோ நல்ல மனுசன் எழுதினது. கையெழுத்து அச்சு மாதிரி. நான் ஒருத்தருக்கும் காட்டல்ல. ஒங்கட பேர் கெட்டுப்போயிரும் எண்டுதான் பேசாம மாத்தல் எடுத்துக்கிட்டுப் போனேன்."

அவருடைய முகத்தில் கள்ளம் இல்லை. தான் ஒரு நல்ல காரியம் செய்தவர் என்று பத்து வருடங்களாக நம்பிக்கொண்டிருந்த முகம் அது. சின்னம்மா என்னைப் பார்க்கவில்லை. நான் கதிரை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

மனைவி தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தார். கோப்பையை வாங்கிய சின்னம்மாவின் கை நடுங்கியது. தேத்தண்ணி தட்டில் சிந்தியது. உடனே அந்தப் பெண், "பிள்ளைகளா, உள்ளுக்குப் போங்க!" என்று கத்திக்கொண்டு அலுமாரிக்கு ஓடினார். சாவிக்கொத்தை இழுத்தெடுத்து வந்து சின்னம்மாவின் கையில் திணித்தார். "இறுக்கிப் பிடிங்க, இறுக்கிப் பிடிங்க. இரும்பு பட்டா நிண்டுரும்."

இப்போதாவது சின்னம்மா சொல்லிவிடுவார் என்று காத்திருந்தேன். கைப்பை அவருடைய மடியில்தான் இருந்தது. நானே சொல்லியிருக்கலாம். சின்னம்மா சாவிக்கொத்தை இறுக்கிப் பிடித்தார். நடுக்கம் நிற்கும்வரை பிடித்துக்கொண்டிருந்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"பரவாயில்லை. இப்ப வாறது குறைவு" என்றார்.

அந்தப் பெண் வாசல்வரை வந்து, நல்ல மருந்து கொடுக்கும் ஒரு வைத்தியரின் இடத்தை எனக்குச் சொல்லி அனுப்பினார்.

பஸ்ஸில் இடம் கிடைத்தது. "ஏன் சின்னம்மா சொல்லேல்லை?" என்று கேட்டேன்.

"சொல்லி? அந்த மனுசி எனக்குப் பயந்தாலும் எனக்கு உதவி செய்ய ஓடி வந்தவள். அவளுக்கு முன்னால சொல்லி, இனி அவளையும் ஒரு கதையாக்கவோ?" பஸ் டிக்கெட்டை மடித்துக் கைப்பைக்குள் வைத்தார். "எனக்கு அந்த ஆளைப் பாக்கவேணும் எண்டில்லை. நீ பாக்கவேணும் எண்டுதான் கூட்டிக்கொண்டு வந்தனான்."

மாதம் முடியமுன் சின்னம்மா பாமன்கடைப் பக்கம் ஒரு அறை எடுத்துக்கொண்டு போய்விட்டார். புத்தகங்கள் எல்லாவற்றையும் கொண்டு போனார், அந்த ஒன்றைத் தவிர. எங்கள் வீட்டு ஞாயிறுகளில் அதற்குப் பிறகு வாசிப்பு நடக்கவில்லை. அப்பா செத்தபோது வந்தார். பிரேதத்துக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றார். அம்மா அவரைக் கட்டிப்பிடித்து அழுதபோது, கைகளைத் தொங்கப் போட்டபடியே இருந்துவிட்டுப் போனார்.

நான் போவதை விடவில்லை. புது நாவல் எது வந்தாலும் வாங்கிக்கொண்டு பாமன்கடைக்குப் போவேன். வாங்கிக்கொள்வார். முன்பு கொண்டுபோனதைப் பற்றிக் கண்கள் மின்ன, கையை ஆட்டி ஆட்டிக் கதைப்பார். அந்த நேரத்தில் பழைய சின்னம்மாவேதான். ஆனால் நான் வாய் தவறி, "எங்கட அம்மா ஒருக்கா..." என்று தொடங்கினால் கதிரையை விட்டு எழும்பிவிடுவார். "நேரமாச்சு, நீ போ." முப்பது வருடங்களில் என்னை ஒருமுறைகூடப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. மன்னிப்புக் கேட்க நான் பலமுறை முயன்றேன். ஒருமுறை, "அந்த நாவலின்ர முடிவு எனக்குப் பிடிக்கேல்லை எண்டு அண்டைக்கே சொல்லிட்டன்" என்றார். பிறகு நான் கேட்கவில்லை.

கடைசியில் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது நான்தான் தினமும் போனேன். பார்வை மங்கிவிட்டதால் நானே வாசித்துக் காட்டினேன். தமிழ் தெரிந்த ஒரு தாதி ஒருநாள், "இவங்க உங்கட மகளா அம்மா?" என்று கேட்டாள்.

"இல்லை" என்றார் சின்னம்மா. "புத்தகம் கொண்டு வாற பிள்ளை."