வரைந்த பெண்ணின் மூச்சு

வேற்றுமொழிப் படங்களுக்குக் கீழே ஆங்கில வரிகள் வருகின்றனவே, அவை எப்போதும் தானாக வருவதில்லை. சில விழாக்களில் ஒருத்தி இருட்டில் உட்கார்ந்து, கணினி விசையைத் தட்டி ஒவ்வொரு வரியாகத் திரையில் விடுகிறாள். கொல்கத்தாவில், எங்கள் பல்கலைக்கழகப் படவிழாவில், அந்த ஒருத்தி நான். சரியாகத் தட்டினால் நான் இருப்பதே யாருக்கும் தெரியாது. ஒரு வரி பிந்தினால் அரங்கமே திரும்பி முறைக்கும். வீட்டிலோ ஆபீஸிலோ இப்படி ஒரு வேலை உங்கள் தலையிலும் கட்டப்பட்டிருந்தால் மேலே படியுங்கள், நாம் உறவுக்காரர்கள்.

காலையில் போட்டால் போதுமாம்

இந்த வருஷம் ஒரு ஜப்பானிய அறிவியல் புனைகதைப் படம் வந்தது. கடலோர நிலையம் ஒன்றில் ஒரு பெண் பொறியாளர். ஆழ்கடலிலிருந்து ஏதோ சமிக்ஞை வருகிறது. அது பட்டதெல்லாம் ஓவியமாக மாறுகிறது. முதலில் அவளுடைய தேநீர்க் கோப்பை. நிஜ நடிகை, நிஜக் கை, அந்தக் கையில் கோட்டால் வரைந்த கோப்பை. அதிலிருந்து எழும் ஆவியும் கோடு.

விழாவை நடத்தும் தேபு-தா (இங்கே அண்ணன்மாரெல்லாம் 'தா') இதைச் சின்ன அரங்கத்தில் காலைக் காட்சியாகப் போட்டுவிட்டார். பாதி கார்ட்டூனாக இருக்கும் படத்துக்குக் கடைசி நாள் மாலையும் பெரிய அரங்கமும் எதற்கு என்றார். நடிகரை நடக்கவைப்பதைவிட ஒரு கோட்டை நடக்கவைப்பது லேசா என்று நான் கேட்டேன். மண்குவளையில் தேநீர் ஆறிப்போகும்வரை சண்டை. கடைசியில் ஒரு பந்தயம்: காலைக் காட்சியில் ஒருவர்கூடப் பாதியில் வெளியேறாவிட்டால் மாலைக் காட்சியும் இதற்கே, ஒருவர் வெளியேறினாலும் வேறு படம். எழுந்து போகும்போது அவர் கேட்டது: "வரைஞ்ச முகம் நடிக்குமா? அதை மட்டும் எனக்குச் சொல்லு."

கார்டன் ரீச் ஒத்திகை

எனக்கு ஜப்பானிய மொழி தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. வாயைப் பார்த்துத் தட்டினால் வரி பிந்திவிடும், மூச்சைப் பார்க்க வேண்டும். எந்த மொழிக்காரராக இருந்தாலும் பேசுவதற்கு முன் தோள் ஒரு நூல் உயரும். அப்போது தட்டினால் வரியும் குரலும் ஒன்றாக வரும். ஆனால் இந்தப் படத்தின் பிற்பாதியில் அவளே ஓவியமாகிவிடுகிறாள். ஓவியத்துக்கு ஏது மூச்சு? கார்டன் ரீச்சில் எங்கள் ரயில்வே குவார்ட்டர்ஸில் மடிக்கணினியில் எத்தனை தடவை ஓட்டிப் பார்த்தாலும், கரையில் நிற்கும் தங்கையிடம் அவள் விடைபெறும் வசனத்துக்கு வரி பிந்திப் பிந்தியே வந்தது. படத்தின் உயிரே அதுதான். அங்கே சறுக்கினால் ஜனங்கள் எழுந்துவிடுவார்கள்.

பக்கத்தில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த அம்மா என் புலம்பலைக் காதில் வாங்கவே இல்லை. ஊர் ஊராக மாற்றலாகி வந்தும் திருநெல்வேலிப் பேச்சு மாறாதவள். கத்தியை அந்தரத்தில் பிடித்தபடி கோப்பைக் காட்சியையே பார்த்திருந்துவிட்டுக் கேட்டாள்: "ஏட்டி, அந்தத் தம்ளரு அவளுக்குச் சுடுமா, சுடாதா?"

படகேறி வந்த ஜேட்டு

காட்சியன்று வாசலில் ஒரு பெரியவர் என்னைப் பிடித்துக்கொண்டார். ஆற்றுக்கு அக்கரையில் ஹவுராவிலிருந்து படகேறி வந்தவர், கையில் குடை. ஜேட்டு, அதாவது பெரியப்பா, என்று மரியாதையாகத்தான் கூப்பிட்டேன். இது சினிமாவா கார்ட்டூனா, ஏதாவது ஒன்றை முடிவு செய்துகொண்டு எடுத்திருக்கக் கூடாதா என்றார். ஏன் முடிவு செய்ய வேண்டும் என்று நானும் விடவில்லை. பின்னால் வரிசை நீண்டது. தேபு-தா தூணில் சாய்ந்து சிரித்துக்கொண்டிருந்தார். நடு வரிசையில் இடம் பிடிக்கப் போன ஜேட்டு, போகிற போக்கில் திரும்பிச் சொன்னார்: "கொஞ்ச நேரம் பார்ப்பேன். பிடிக்கலைன்னா எழுந்து போயிடுவேன். அது என் உரிமை, மா."

அவர் எழுந்துவிட்டார்

படத்தின் பிற்பாதி தொடங்கியது. சமிக்ஞை அவள் விரல் நுனியைத் தொட்டது. விரல் கோடானது, பிறகு மணிக்கட்டு, பிறகு தோள். முகத்தின் ஒரு பாதியில் வியர்வை பூத்த நிஜத் தோல், மறுபாதியில் இன்னும் காயாத மை. அவளுக்குப் பின்னால் கடல் அலை அலையாகப் பென்சில் கோடாக மாறிக்கொண்டே போனது. அந்தச் சமயம் பார்த்து ஜேட்டு எழுந்தார்.

போச்சு என்று நினைத்தேன். ஆனால் திரையில் விடைபெறும் காட்சி வந்துவிட்டது, விசையிலிருந்து விரலை எடுக்க முடியாது. மடிக்கணினியின் சின்னத் திரை என்னிடம் மறைத்ததை அரங்கத்துத் திரை காட்டியது. வரைந்த தோள் ஒரு நூல் உயர்ந்தது. கழுத்துக்குழி லேசாக உள்வாங்கியது. யாரோ அவளுக்கு மூச்சையும் வரைந்திருக்கிறார்கள்! தட்டினேன். வரியும் குரலும் சேர்ந்து வந்தன.

ஜேட்டு வெளியே போகவில்லை. குடையை மார்போடு அணைத்துக்கொண்டு அதே இடத்தில் நின்றார். உட்காரச் சொல்லிப் பின்வரிசை கத்தியபோது திரையை விட்டுக் கண்ணை எடுக்காமலே சொன்னார்: "இருங்கப்பா. அவ முழுசா அந்தப் பக்கம் போய்ச் சேரட்டும்."

கேள்வி மாறிய இடம்

படம் முடிந்ததும், நின்றதை வெளியேறியதாகக் கணக்கெடுப்பது அநியாயம் என்று வாதாடத் தயாராக அறிவிப்புப் பலகைக்கு ஓடினேன். அங்கே தேபு-தா, மாலைக்கு எழுதியிருந்த படத்தின் பெயரை உள்ளங்கையால் அழித்துக்கொண்டிருந்தார். அழித்த இடத்தில் எங்கள் படத்தின் பெயரை எழுதினார். சாக்பீஸ் தூள் படிந்த கையைக்கூடத் துடைக்கவில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார்: "பேசறதுக்கு முன்னால அவ மூச்சு இழுத்தாளே, அதை உட்கார்ந்து வரைஞ்சது யாரு?"

மாலைக் காட்சியை நான்தான் வாதாடி வாங்கினேன் என்று எங்கள் துறை முழுக்கப் பேச்சு. இல்லை, முகம் தெரியாத யாரோ வரைந்த ஒரு மூச்சுதான் வாங்கித் தந்தது என்று சொன்னால், அதற்கும் என்னோடு சண்டைக்கு வர இந்த ஊரில் ஆள் இருக்கிறது.