கைதட்டி வாயால் ஒரு சொல்

எங்கள் தையல் ஆலையில் காலர் தைக்கும் அக்காவை வாயில்லாப் பூச்சி என்று நினைத்தவர்கள் முட்டாள்கள். அவளுக்கு அடுத்த மெஷின் என்னுடையது. எனக்குத் தெரியும்.

சூப்பர்வைசருக்கு நாங்கள் வைத்த பெயர் கைதட்டி. வேலை மந்தமானால் பின்னால் வந்து காதருகே படாரென்று கைதட்டுவான். ஒருநாள் அப்படித் தட்டியதும் அக்காவுக்கு நெஞ்சு படபடத்து, மூச்சு முட்டி, விரல்கள் மரத்துப்போயின. செத்தோம் என்றே நினைத்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் பார்த்தால் இதயத்தில் ஒரு கோளாறும் இல்லை. ஆனால் அது மறுபடி மறுபடி வந்தது. கைதட்டி சும்மா இருப்பானா? "நாடகக்காரி ஆரம்பிச்சுட்டா, எல்லாரும் டிக்கெட் எடுத்துக்கோங்க" என்பான். ஆலையே சிரிக்கும். பாவிகள்.

மனநல ஆலோசகரிடம் துணைக்கு நான்தான் போனேன். "ஆபத்து வந்தா ஓடுன்னு உடம்பு அடிக்கிற மணி இது. உங்களுக்கு ஆபத்து இல்லாதப்பவும் அடிக்குது. இது நடிப்பும் இல்ல, பைத்தியமும் இல்ல" என்றார் அந்த அம்மா. மூச்சை மெதுவாக வெளியே விடச் சொல்லிக்கொடுத்தார். அக்கா பழகினாள். கூடவே கறுவிக்கொண்டும் இருந்தாள்.

"இது நடிப்பில்லன்னு அவன் வாயாலயே எல்லாரும் கேக்கச் சொல்ல வைக்கணும்டி. அதுவரைக்கும் என் மனசு ஆறாது."

ஒருநாள் தையல் சரியில்லையென்று ஒரு லாரி நிறையச் சட்டைகள் திரும்பி வந்தன. முதலாளி எல்லார் முன்னாலும் கைதட்டியைக் கிழி கிழியென்று கிழித்துவிட்டுப் போனார். அவர் தலை மறைந்ததும் கைதட்டி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தரையில் சரிந்தான். "செத்துருவேன், செத்துருவேன்" என்று நடுங்கினான். நான் ஆம்புலன்சுக்குப் போன் செய்தேன். அக்கா நிதானமாக எழுந்து போய் அவனெதிரே உட்கார்ந்தாள்.

"நடிக்கிறீங்களா சார்?"

இல்லையென்று தலையாட்டினான்.

"வாயத் திறந்து சொல்லுங்க. கடைசி மெஷினுக்குக் கேக்கணும்."

"நடிப்பில்ல... நடிப்பில்லம்மா!"

எனக்கு அப்படி இனித்தது. அதன் பிறகுதான், "என்னோட சேந்து மூச்ச வெளிய விடுங்க" என்று அவன் கையைப் பிடித்தாள். ஆஸ்பத்திரியில் பார்த்தால் அவன் இதயத்திலும் ஒரு கோளாறும் இல்லை.

அடுத்த முறை ஆலோசகரிடம் அக்கா எல்லாவற்றையும் சொன்னாள்.

"இப்பக் கோபம் போயிடுச்சா?"

"பாதி போச்சும்மா."

"மீதி?"

"வெளிய உக்காந்திருக்கு. மொதல்ல நாடகம்னு சொன்னதே எங்க வீட்டுக்காரர்தான். உள்ள கூப்பிடுங்க."